பெட்டி வந்தால் போதுமா? படிப்பிக்க ஆள் வேணும்

(தோட்டப் பாடசாலையொன்றின் பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு எடுக்க, டவுனுக்குப் போக உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நாள். அந்த நாளில் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

"பாடசாலையில் தொழினுட்பக் கல்வியும் ஆசிரியரின் பங்கும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் உள்ளே வரும்போது வாசலிலேயே இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்: "மாஸ்டர், நம்ம ஸ்கூலுக்கு கொம்பியூட்டர் எப்ப வரும்?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அதைப் படிப்பிக்க யார் வருவாங்க?" இன்றைக்கு நான் பேசப்போவது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

ஸ்டோரை நினைத்துப் பாருங்கள்

தொழினுட்பம் என்றதும் கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் இருக்கிற ஏதோ ஒன்று என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, கொழுந்தைப் பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். அதற்குப் பிறகு ரோலர் வந்தது, ட்ரையர் வந்தது, மின்சாரம் வந்தது. இன்றைக்குத் தேயிலையின் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிற இலத்திரன் மெஷினும் பல ஸ்டோர்களில் ஓடுகிறது. நம்முடைய பாட்டன் பூட்டன் எல்லாரும் ரோதை முனிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மெஷின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். தொழினுட்பம் நமக்குப் புதிதல்ல.

சரி, இப்போது ஒன்று கேட்கிறேன். ஸ்டோரில் ரோலர் இருக்கிறது, ட்ரையர் இருக்கிறது. டீமேக்கர் மட்டும் இல்லை. தேயிலை வருமா? ஏதோ வரும். விலை போகுமா? போகாது. கொழுந்து வாடினது போதுமா என்று அவர் கையில் அள்ளிப் பிசைந்து பார்க்கிறார். நொதித்தது போதுமா என்று மோந்து பார்க்கிறார். நேற்று மழை பெய்தால் இன்றைக்கு வாட்டுகிற நேரத்தைக் கூட்டுகிறார். மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது. ஆளுக்குத்தான் தெரியும்.

டீமேக்கர் இல்லாத ஸ்டோர் எப்படியோ, அப்படித்தான் ஆசிரியர் இல்லாத கொம்பியூட்டர் அறையும்.

நான் கண்ட இரண்டு பாடசாலைகள்

பெயர் சொல்லவில்லை, சொல்லித் தேவையுமில்லை. ஒரு பாடசாலைக்குப் பத்துக் கணினிகள் வந்தன. பெரிய விழா வைத்தார்கள், ரிபன் வெட்டினார்கள். பயிற்சி பெற்றிருந்த ஆசிரியர் ஆறு மாதத்தில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அறையைப் பூட்டிவிட்டார்கள். கணினிகளுக்குத் துணி போட்டு மூடினார்கள். நான் போன நாளில், பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நின்று, கோயில் மூலஸ்தானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். மலைப் பனியிலும் ஈரத்திலும் இரண்டு வருஷம் கிடந்த மெஷின் பிறகு எப்படி வேலை செய்யும்?

இன்னொரு பாடசாலையில் இருந்தது பழைய கணினி ஒன்றே ஒன்று. அங்கே இருந்த டீச்சர் அதன் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்துவிட்டார். "இதுதான் விசிறி, சூடு ஏறாமல் பார்க்குது. இதுதான் நினைவகம்" என்று பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வகுப்பில் 38 பிள்ளைகள். நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு கூட்டம் கணினியில் வேலை செய்யும்போது மற்றவர்கள் தாங்கள் செய்யப்போகும் வேலையைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளையும் சும்மா இருக்கவில்லை.

எந்தப் பாடசாலையில் தொழினுட்பம் படிப்பித்தார்கள்? பத்து இருந்த இடத்திலா, ஒன்று இருந்த இடத்திலா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நமக்கு எல்லாம் பிந்தித்தான் வந்தது

நமது பிள்ளைகளின் கல்வி வந்த பாதையை மறந்துவிடக் கூடாது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே படிப்புக் கொடுக்க வேண்டும் என்றது. எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம். பெரும்பாலும் ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஐந்து வகுப்பு. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைக்கு அதன் பலன் வந்து சேரவில்லை. 1960, 61இல் தனியார் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபோதும் நம்முடையவை வெளியேதான் நின்றன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1977ஆம் ஆண்டிலிருந்துதான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. 1980களில் சுவீடன் நாட்டு உதவி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. நம்முடைய பிள்ளைகளே ஆசிரியர்களாகி நம்முடைய பாடசாலைக்கு வரத் தொடங்கினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? கட்டடம் வந்ததால் மட்டும் நாம் முன்னேறவில்லை. ஆசிரியர்கள் வந்ததால்தான் முன்னேறினோம். சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளை எந்தத் தோட்டத்தில் இருந்தாலும், அதற்குப் பின்னால் அந்த மலையை விட்டுப் போகாமல் இருந்த ஒரு மாஸ்டரோ டீச்சரோ இருப்பார்.

இன்றைக்குத் திறந்திருக்கிற கதவு

2013ஆம் ஆண்டு உயர் தரத்தில் தொழினுட்பப் பிரிவு என்று புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். 2015இல் முதல் பரீட்சை நடந்தது. தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்பது ஒரு பாடம். பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் இன்னொன்று. மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் போன்ற ஒன்றை எடுக்கலாம். இதிலே நன்றாகச் செய்தால் பல்கலைக்கழகத்தில் தொழினுட்பப் பட்டப்படிப்பு இருக்கிறது. டொக்டர், என்ஜினியர் என்ற இரண்டைத் தவிர வேறு வழியும் உண்டு என்று காட்டிய பிரிவு இது.

ஆனால் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைய வேண்டும். நமது தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பதுதான் பெரிய கஷ்டம். ஆகவே தொழினுட்பக் கல்வி 12ஆம் தரத்தில் தொடங்குவதில்லை. 6ஆம் தரத்தில் பின்னக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியரிடம்தான் தொடங்குகிறது. கணக்கு மாஸ்டர் இல்லாத பாடசாலைக்கு எத்தனை கணினி கொடுத்தாலும் அந்தப் பூட்டுத் திறக்காது.

சித்தியடையாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்ற திட்டம் ஆரம்பமானது. சாதாரண தரத்தில் தவறினாலும், அந்தத் திட்டம் நடக்கும் பாடசாலையில் தொழிற்பாடங்களை எடுத்து 12ஆம், 13ஆம் தரம் படிக்கலாம். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கும் அதில் வழி உண்டு. "ஃபெயிலாயிட்டான், கொழும்புல கடைக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் எந்தப் பாடசாலையில் இது இருக்கிறது என்று அதிபரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

நல்ல தொழினுட்பப் பாடம் எப்படி இருக்கும்?

மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை.

முதலாவது, கொழுந்து. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ கொழுந்து ஸ்டோருக்குப் போனால், வெளியே வருகிற தேயிலை ஏறக்குறைய 21, 22 கிலோ. மிச்சம் எங்கே போனது? பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டால், சதவீதம் என்ற கணக்கு அதற்குப் புரிந்துவிடும். உருட்டின கொழுந்து ஏன் செம்பு நிறமாக மாறுகிறது? நாம் நொதித்தல் என்கிறோம். உண்மையில் காற்றில் இருக்கிற ஒட்சிசன் சேர்வதால் வருகிற மாற்றம் அது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்குதே, அதே மாதிரி. அம்மா பறிக்கிற கொழுந்திலேயே விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுக்க ஒரு ஆசிரியர் வேணும்.

இரண்டாவது, சம்பளத் துண்டு. கணினியில் அட்டவணை போடப் படிப்பிக்கும்போது, புத்தகத்தில் இருக்கிற எங்கோ ஒரு கடையின் கணக்கை ஏன் போட வேண்டும்? வீட்டில் இருக்கிற சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லலாம். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், நிர்வாகத்திடமிருந்து 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் இன்னும் 3 சதவீதம். சேமலாப நிதிக்குக் கணக்குப் பார்க்கிற சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்களிடம் 2,400 கழியும். நிர்வாகம் 3,600 போட வேண்டும். இரண்டும் சேர்ந்து உங்கள் பெயரில் 6,000 சேரும். நம்பிக்கை நிதிக்கு வேறாக 900. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இந்த அட்டவணையைப் போடக் கற்றுக்கொண்டால், அது பரீட்சைக்கு மட்டும் உதவுகிற படிப்பா? சேமலாப நிதிக் கூற்றை அந்தப் பிள்ளையே வாசித்துச் சரி பார்க்கும். இந்த வேலைக்கு இன்னொருத்தர் கையை நாம் எத்தனை காலம் எதிர்பார்த்திருந்தோம்!

மூன்றாவது, மழை. இது உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயம் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்துதான் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும்.

மழையை அளக்கப் பாடசாலையில் என்ன வேணும்? பக்கம் நேராக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் போத்தல். மேல் பாகத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி வைக்கலாம். அடியில் வளைவு இருந்தால், வளைவு மறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூச்சியம் என்று அடையாளம் வைத்து, அடிமட்டத்தை ஒட்ட வேண்டும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். இது அரசாங்கத்தின் எச்சரிக்கைக்குப் பதில் ஆகாது. ஆனால் இதைச் செய்த பிள்ளைக்கு, ரேடியோவில் "100 மில்லிமீற்றர்" என்று சொன்னால் அது என்ன என்று விளங்கும். "அம்மா, இண்டைக்கு ராத்திரி இங்க படுக்கக் கூடாது, கோயிலுக்குப் போவோம்" என்று அந்தப் பிள்ளை சொல்லும். சுவரில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கி ஊறுகிற தண்ணீர், சாய்கிற மரம் இவற்றையும் கவனிக்கச் சொல்லிக் கொடுக்க ஆசிரியரால் முடியும்.

ஃபோன் ஆசிரியர் ஆகாது

"எங்க வீட்டுல ஸ்மார்ட் ஃபோன் இருக்கு மாஸ்டர், புள்ள அதுலயே எல்லாம் படிக்குது" என்று சிலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது இதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டோமே. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு ஃபோன். அதுவும் அப்பா வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்தது. பல வீடுகளில் அண்ணனுக்குக் கிடைத்த ஃபோன் தங்கச்சிக்குக் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் நமது பிள்ளைகளைக் காப்பாற்றியது யார்? பாடத்தைத் தாளில் அச்சடித்து லயம் லயமாகக் கொண்டுவந்து கொடுத்த ஆசிரியர்கள்தான்.

ஃபோன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல கருவி அது. ஆனால் அது சொல்வதில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்க்கவும், எதைத் தேட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அறியவும் பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி தேவை. இப்போது கேட்ட கேள்விக்கெல்லாம் கட்டுரையாகவே எழுதிக் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவும் கைக்கு வந்துவிட்டது. பிள்ளை தானே எழுதியதா, அது எழுதியதா என்று கண்டுபிடிக்கிறவரும், "இந்த வரியை உன் சொந்தப் பேச்சில் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கிறவரும் ஆசிரியர்தான். தொழினுட்பம் வளர வளர ஆசிரியரின் வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆசிரியரின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும்

2014, 2015 காலத்தில் 3,000க்கும் மேற்பட்ட மலையக இளைஞர் யுவதிகள் ஆசிரிய உதவியாளர்களாக நியமனம் பெற்றார்கள். உயர் தரம் படித்த நம்முடைய பிள்ளைகள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபாய். பிறகு 10,000 ஆனது. அதில் பஸ் காசு கொடுத்து, சாப்பிட்டு, பயிற்சிக்கும் போய்ப் படித்துத்தான் அவர்கள் ஆசிரியர்களானார்கள். இப்படி வந்தவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? "நம்ம லயத்துப் பொடியன்தானே" என்று குறைவாகப் பேசுகிறோமா? அவர் நம்ம லயத்துப் பிள்ளை என்பதால்தான் நம் பிள்ளையின் பேச்சும் பசியும் அவருக்கு விளங்குகிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டுப்போகும் என்ற பயத்தில் கருவியைப் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளை தொட்டால் கெடுகிற சாமானைத் திருத்தலாம். தொடாமலே பெரியவனாகிற பிள்ளையைத் திருத்துவது கஷ்டம். தெரியாத விஷயத்தைப் பிள்ளை கேட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வருகிறபோது கதவோரம் நின்றுவிட்டுப் போகாதீர்கள். கையெழுத்து வைக்க மட்டும் வராதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. நமது பாடசாலையில் கணிதம், விஞ்ஞானம், தகவல் தொழினுட்பம் ஆகிய மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்தாயிற்றா?

2. என் பிள்ளையின் கை வாரத்துக்கு எத்தனை பாடவேளை கணினியில் படுகிறது? பார்ப்பதைக் கேட்கவில்லை, தொடுவதைக் கேட்கிறேன்.

3. பழுதான கருவி எத்தனை? திருத்துவதற்கு என்ன ஏற்பாடு?

4. பெண் பிள்ளைகளுக்கும் சமமான நேரம் கிடைக்கிறதா?

5. தூரத்திலிருந்து வருகிற ஆசிரியர் தங்குவதற்கு இடம் இருக்கிறதா? தோட்டத்தில் சும்மா பூட்டிக் கிடக்கிற குவாட்டஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுக்க நம்மால் முடியுமா?

இந்த ஐந்தாவது கேள்வியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஆசிரியர் ஏன் நிற்பதில்லை என்று குறை சொல்கிறோம். மூன்று மைல் நடந்து வந்து, மழையில் நனைந்து, மத்தியானம் ஒரு வாய் சோறு சாப்பிட இடமில்லாமல் எத்தனை நாளைக்கு ஒருவர் நிற்பார்? தங்க ஒரு இடம், ஒரு மரியாதை, "டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்ற ஒரு கேள்வி. நல்ல ஆசிரியரை மலையில் தங்க வைக்க நம் கையில் இருக்கிறது இவைதான்.

நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நாம் மெஷினுக்குக் கொழுந்து போட்டோம். அந்த மெஷின் ஏன் ஓடுது, எப்படி ஓடுது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நமது பிள்ளைகள் கணினிக்கு முன்னாலும் அதே மாதிரி, இன்னொருவர் சொன்ன பொத்தானை அமுக்குகிறவர்களாக நின்றுவிடக் கூடாது. ஏன் என்று கேட்கிறவர்களாக வர வேண்டும். திருத்துகிறவர்களாக, புதிதாகச் செய்கிறவர்களாக வர வேண்டும். அதற்குக் கணினியும் வேணும், கட்டாயம் கேட்டு வாங்குவோம். ஆனால் விண்ணப்பம் எழுதும்போது முதல் வரியில் ஆசிரியரைக் கேளுங்கள். கணினியை இரண்டாவது வரியில் எழுதலாம்.